யூயோ மாத்தோஸின் ஒன்றரை நொடி

ஒன்றரை நொடி. யூயோ மாத்தோஸின் ஐம்பத்தொரு வருட வாழ்க்கையில் சொல்லிக்கொள்ளும்படி இருந்தது அவ்வளவுதான். 2004-இல் வெளிவந்த ‘உப்பும் ஈயமும்’ ஆல்பத்தின் ஏழாவது பாட்டில், தாளம் விழுவதற்குச் சற்று முன்னால், பாடகன் காலோ கரகரத்த குரலில் சொல்கிறான்: “யூயோ மாத்தோஸ், நீதான்டா எல்லாம்!” உடனே தாளம் விழுந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த ஆல்பத்தில் யூயோவைப் பற்றிப் பேச்சே இல்லை.

எங்கள் தீவில் ரெகேட்டோன் என்கிற ஆட்டப் பாட்டு நேராகத் தொடங்காது. முதலில் பேர் வாசிப்பு நடக்கும். தயாரித்தவன், ஒலி கலந்தவன், ஜெயிலில் இருக்கும் நண்பன், முடிவெட்டுகிறவன், கார் கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டிக் கொடுத்தவன் என்று ஆளுக்கொரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் பாடகன் பாட ஆரம்பிப்பான். அந்தப் பட்டியலில் ஏறுவதற்காக ஸ்டூடியோ வாசலில் தவம் கிடந்தவர்கள் உண்டு. பொரித்த பன்றி இறைச்சி சுமந்து வந்தவர்கள் உண்டு. கோயிலில் பேர் பொறித்தால்கூட இவ்வளவு பெருமைப்பட மாட்டார்கள்.

ஆல்பத்தைக் குறை சொல்ல முடியாது. லோயிசா ஊரின் பீப்பாய் முரசு, சான்டுர்சே சல்சா குழுக்களின் டிராம்போன், நியூயார்க்கில் வளர்ந்த நம் ஆட்கள் கொண்டுவந்த ஹிப்-ஹாப் பேச்சு, எந்த வானொலி நிலையமும் மறுக்க முடியாத ஒரு பாப் பல்லவி. எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டு, ஒன்றை ஒன்று விழுங்கிவிடாமல் கிண்டியிருந்தார்கள். அந்தச் சட்டியில் யாருக்கும் தேவைப்படாமல் விழுந்த ஒரே பொருள் யூயோ.

எங்கள் ஊரான கரோலினாவில் மோன்ச்சோவின் சலூனுக்குப் போகிறவர்கள் யூயோவிடமிருந்து தப்ப முடியாது. கதவுக்குப் பக்கத்து நாற்காலி அவனுடையது. நகராட்சியில் புல் வெட்டும் பிரிவில் அவனுக்கு வேலை. காலோவின் ரசிகனான ஒரு கட்சிக்காரன் வாங்கிக் கொடுத்தது. மற்றவர்கள் வெயிலில் இயந்திரத்தைத் தள்ளும்போது இவன் மரநிழலில் வண்டியை நிறுத்தி ஏசியில் உட்கார்ந்திருப்பான். செல்போன் அடித்தால் அந்த ஒன்றரை நொடிதான் கேட்கும். அழைப்பை உடனே எடுக்க மாட்டான். சுற்றியிருக்கிற எல்லாருக்கும் கேட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் எடுப்பான். சட்டைப் பையில் விசிட்டிங் கார்டு வேறு. ‘யூயோ மாத்தோஸ். உப்பும் ஈயமும்.’ அவ்வளவுதான் அதில் இருக்கும். ஆல்பத்தில் என்ன செய்தான் என்பதைக் கார்டும் சொல்லவில்லை.

கேட்டால் சொல்வான். கேட்கிற ஆளைப் பொறுத்துக் கதை மாறும். பெண்களிடம், அந்தப் பல்லவியை எழுதியதே தான்தான் என்பான். ஆண்களிடம், காலோவை நோக்கி நீட்டிய துப்பாக்கியைத் தட்டிவிட்ட கதை. கடற்கரைக்கு வரும் அமெரிக்கர்களிடம் இன்னும் தைரியமாக, ரெகேட்டோன் தாளமே தன் விரலில் பிறந்தது என்று சொல்லி, அவர்களுடைய மேசையிலேயே தட்டியும் காட்டுவான். தாளம் தவறும். அவர்களுக்கு அது தெரியாது.

அவன் கல்யாணத்திலும் இதே கூத்துதான். முதல் நடனத்துக்கு எல்லாரும் காத்திருந்தபோது, டிஜேவிடம் ஏழாவது பாட்டைப் போடச் சொன்னான். பேர் வந்ததும் நிறுத்தச் சொன்னான். மறுபடி போடச் சொன்னான். மணப்பெண் மிக்டாலியா கூடத்தின் நடுவில் கையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தாள். நாலு வருடம் கழித்து விவாகரத்து ஆனபோது ஊரில் யாரும் காரணம் கேட்கவில்லை. இப்போது அவள் பின்யோனெஸ் கடலோரத்தில் அல்காப்பூரியா பொரித்து விற்கிறாள். கிழங்கு மாவுக்குள் நண்டு வைத்துப் பொரிக்கிற அந்தப் பண்டத்துக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கடையில் வரிசை ரோடு வரைக்கும் நிற்கும்.

இந்த வருடம் ஏப்ரலில் மோன்ச்சோ அந்தப் பேச்சை எடுத்தான். வாடிக்கையாளர் ஒருவரின் நுரை தடவிய கன்னத்தில் கத்தியை ஓட்டிக்கொண்டே பேசினான்.

“யூயோ, காலோ அந்த ஆல்பத்த முழுசா மறுபடி பாடறானாம். பழைய டேப்பு கம்பெனிக்காரன் கையில மாட்டிக்கிச்சாம். புதுசு அவனோட சொந்தமாம். கேள்விப்பட்டியா?”

“எனக்கே சொல்றியா? எனக்குத் தெரியாம அங்க ஒண்ணு நடக்குமா?”

“அப்ப இதுவும் தெரிஞ்சிருக்கும். பேர் வாசிக்கறத எல்லாம் தூக்கறாங்களாம். இப்பல்லாம் தாளம் உடனே வரலைன்னா ஜனங்க அடுத்த பாட்டுக்குத் தாவிடறாங்களாம்.”

நுரைக்குள்ளிருந்து குரல் வந்தது. “அப்ப யூயோ காலி.”

“வாய அசைக்காதய்யா, காது போயிடும்,” என்றான் மோன்ச்சோ.

யூயோ சிரித்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை. போனை எடுத்து எதையோ தேடுவதுபோல் தடவினான். அதைப் பைக்குள் வைத்தான். மறுபடி எடுத்தான். அன்று முழு மாலையும் அவன் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. சலூனுக்கே அது புதிதாக இருந்தது.

மறுநாள் காலை மிக்டாலியாவின் கடையில் போய் நின்றான்.

“நண்டு வெச்சது ரெண்டு டஜன் கட்டு. ஸ்டூடியோவுக்குப் போறேன்.”

“கூப்பிட்டாங்களா?”

“கூப்பிடணுமா? நான் அந்த ஆல்பத்துல இருக்கேன்.”

“நீ நம்ம கல்யாணத்துலகூட இல்ல. அந்தப் பாட்டுலதான் இருந்த,” என்று சொல்லிவிட்டு அவள் எண்ணெயில் அடுத்த வரிசையைப் போட்டாள்.

“மிக்டா, கிண்டல் பண்ணாத. பேரத் தூக்கறாங்களாம். அத எடுத்துட்டா நான் யாரு, சொல்லு?”

“புல்லு வெட்டறவன். அதையும் ஒழுங்கா வெட்டறதில்ல.”

இவ்வளவு சொன்னாலும் பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்தாள். மேலே இரண்டு அதிகமாகவும் வைத்தாள். ஏன் என்று பிறகு நான் கேட்டதற்கு, “செத்த வீட்டுக்கு வெறுங்கையோடயா அனுப்பறது?” என்றாள்.

ஸ்டூடியோ த்ருஹீயோ ஆல்ட்டோ மலைமேல் இருந்தது. காலோவுக்கும் வயது ஐம்பது தாண்டிவிட்டது. வாயில் புதுப் பற்கள், எல்லாம் ஒரே அளவு. உடம்பில் வெள்ளை லினன். தன் பெயரில் ரம் விற்கிறான். கேட்டால், தான் இப்போது பாடகன் இல்லை, ‘அனுபவங்களைப் படைப்பவன்’ என்கிறான். ஏழு வயதில் கீழ்வீட்டுக்காரனின் மாம்பழம் திருடி அடி வாங்கியவன் அவன். எங்கள் எல்லாருக்கும் அது தெரியும். தெரிந்தும் அவன் பேசும்போது தலையாட்டுகிறோம் என்பது எங்கள் கேவலம்.

“என் தம்பி!” என்று காலோ கட்டிப்பிடித்தான். “எத்தன வருஷமாச்சு! நீ இல்லாம இந்த ஆல்பம் ஏதுடா!” பிடித்த பிடியை விடாமல், யூயோவின் தோளுக்கு மேலாகப் புருவத்தை உயர்த்திக் கேட்டான்: யார் இவன்?

கேள்வி சுலேய்க்கா பிசாரோவுக்கு. ஏழாவது பாட்டின் அந்தப் பல்லவியைப் பாடியவள் அவள்தான். தீவு முழுவதும் குளித்துக்கொண்டே பாடிய பல்லவி. அவள் பேரை யாரும் எங்கும் வாசிக்கவில்லை, அட்டையிலும் போடவில்லை. பிறகு ஒலிப்பதிவு கற்றுக்கொண்டாள். இந்த மறுபதிவு முழுக்க அவள் பொறுப்பு. கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

“யூயோ. எக்ஸ்டென்ஷன் வயர் யூயோ.”

“ஆங்! வயர்!” என்றான் காலோ. அவனுக்கு இன்னும் ஞாபகம் வரவில்லை.

யூயோவின் எந்தக் கதையிலும் வராத உண்மை அந்த வயரில்தான் இருந்தது. ஆல்பத்தில் பாதியை ஓர் அரசுக் குடியிருப்பின் நாலாவது மாடியில், துணி அலமாரிக்குள் மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். ஏழாவது பாட்டைப் பதிவு செய்த அன்று மதியம் அந்தக் கட்டடத்தில் கரண்ட் போயிற்று. முற்றத்துக்கு எதிரே இருந்த கட்டடத்தில் கரண்ட் இருந்தது. எங்கள் ஊரில் இதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. யார் வீட்டில் வெளிச்சம் இருக்கிறதோ அவர்கள் ஜன்னல் வழியாக ஒரு வயரை விடுவார்கள், இந்தப் பக்கம் இழுத்துக்கொள்வார்கள். யாரும் நன்றிகூடச் சொல்வதில்லை. நாளைக்கு அதே வயர் திரும்பி வரும். யூயோவும் தன் அம்மா வீட்டு ஜன்னலிலிருந்து வயரை விட்டான். அதுவரைக்கும் நல்ல பிள்ளை.

சுலேய்க்கா பல்லவியின் நடுவில் இருந்தபோது எல்லாம் அணைந்தது. ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். எதிர் ஜன்னலில் யூயோ ப்ளக்கைப் பிடுங்கிக் கையில் ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். பேர் வேண்டுமாம். வயருக்குக் கூலியாகப் பேர் கேட்டவன் அந்தத் தீவிலேயே அவன் ஒருவன்தான். திரும்பச் செருகினான், அவர்கள் மறுபடி தொடங்கினார்கள், இவன் மறுபடி கத்தினான். கடைசியில் காலோ பேரைச் சொல்லித் தொலைத்தான். அணைந்தபோது போன பல்லவிதான் தன் வாழ்க்கையிலேயே நன்றாக அமைந்தது என்கிறாள் சுலேய்க்கா. தீவு முழுவதும் பாடுவது இரண்டாவதை.

“நான் இல்லேன்னா அன்னிக்கு ரெக்கார்டிங்கே இல்லக்கா,” என்றான் யூயோ, பொட்டலத்தை அவள் மேசைமேல் வைத்தபடி.

“நீ இல்லேன்னா அது நல்லா இருந்திருக்கும். எண்ணெய் வடியுது, மேசைய விட்டு எடு.”

“ஒரே ஒரு தடவக்கா. தாளத்துக்கு முன்னாடி. ஜனங்க என்னத் தேடுவாங்க.”

“யாரு தேடுவா? ஒரு ஆளு பேரச் சொல்லு.”

யூயோ யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். “மோன்ச்சோ,” என்றான்.

அப்போது கரண்ட் போயிற்று. விளக்கு ஒரு கண் சிமிட்டியது, ஏசி ஒரு மூச்சு இறங்கியது, கீழே எங்கோ ஜெனரேட்டர் முனகியது, எல்லாம் பழையபடி. அறையில் ஒருவரும் தலை தூக்கவில்லை. காலோ இரண்டாவது அல்காப்பூரியாவைக் கடித்தான். யூயோ மட்டும் சுவரில் இருந்த சாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிடித்துக்கொள்ள இந்தத் தடவை அவன் கையில் எதுவும் இல்லை.

அழுதான். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக. இரக்கப்படலாம் என்று தோன்றும் நேரத்தில், கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வேணும்னா ரெண்டு தடவ சொல்லுங்க, பழசுக்கும் சேர்த்து,” என்று பேரம் பேசினான். அதனால் இரக்கப்படவும் முடியவில்லை.

காலோவுக்கு அழுகை பிடிக்காது, அனுபவம் கெட்டுவிடும். “உன் பேர் இருக்கும்டா. காலோ வாக்குக் குடுத்தா குடுத்ததுதான்,” என்று முதுகில் தட்டி வாசல்வரை தள்ளிக்கொண்டு போனான். அந்த வாரத்தில் அவன் கொடுத்த வாக்குகளில் அது எத்தனையாவது என்று அவனுக்கே தெரியாது. வாசலில் யூயோ திரும்பிப் பார்த்தபோது, சுலேய்க்கா முதல்முறையாகத் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

“இருக்கும். நான் பாத்துக்கறேன்,” என்றாள்.

யூயோ கண்ணீரோடு அவள் கையை முத்தமிட்டான். அவள் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டாள்.

அன்று மாலையே சலூனில் யூயோவின் நாற்காலி பழைய நிலைக்கு வந்தது. காலோ தன்னைக் கட்டிப்பிடித்து அழுதானாம். புது ஆல்பத்துக்குத் தன் யோசனைகளைக் கேட்டானாம். ஆகஸ்டில் ஆல்பம் வந்தபோது, அவன் கேட்கவே இல்லை. சனிக்கிழமை மதியம் தெருவோடு கேட்கலாம் என்று காத்திருந்தான். தேங்காய் உதிர்க்கிற லாரி ஒன்றை வாடகைக்குப் பேசியிருந்தான். தேர்தல் சமயத்தில் கட்சிக்காரர்கள் கொண்டுவருகிற வண்டி அது. பின்பக்கம் முழுக்க ஆள் உயர ஒலிபெருக்கிகள். அது போகும் தெருவில் தென்னை மரத்தில் காய் நிற்காது என்பதால் அந்தப் பேர். மோன்ச்சோ கடைக்கு முன்னால் அதை நிறுத்தி, ஐஸ் பெட்டியில் பீர் வைத்து, வெள்ளைச் சட்டையும் வெள்ளை ஷூவும் போட்டுக்கொண்டு நின்றான். டொமினோ ஆடுகிறவர்கள் மேசையோடு வெளியே வந்துவிட்டார்கள். மிக்டாலியாகூடக் கடையை மூடிவிட்டு வந்திருந்தாள்.

“ஏழாவது!” என்று கத்தினான் யூயோ. லாரிக்காரன் போட்டான்.

காலோவின் குரல் வரவில்லை. முதலில் ஒரு கரகரப்பு. ஏதோ முற்றத்தின் எதிரொலி, தூரத்தில் ஒரு சேவல். பிறகு ஓர் இளம் குரல், தொண்டை கிழிய:

“டேய் காலோ! என் பேரச் சொல்லுடா! யூயோ மாத்தோஸ்! சொல்லலேன்னா ப்ளக்க மறுபடி புடுங்கிடுவேன்!”

அதற்குப் பின்னாலிருந்து ஒரு பெண்மணி: “யூயோ! வயர விடுடா, நாசமாப் போறவனே! என் ஃப்ரிட்ஜு நின்னுபோச்சு!”

அலமாரிக்குள்ளிருந்து, மைக்குக்கு மிக அருகில், இளைய காலோவின் முணுமுணுப்பு: “சொல்லித் தொலைப்போம். டேப்பு ஓடுதா?”

தாளம் விழுந்தது. அன்றைக்குத் திறந்திருந்த ஜன்னல் வழியாக மைக்கில் விழுந்த கூச்சலை, கம்பெனிக்குப் போகாத ஒரு டேப்பில், சுலேய்க்கா இருபது வருடம் அழிக்காமல் வைத்திருந்தாள் என்பது தெருவுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. தெரு முழுவதற்கும் எல்லாம் புரிந்துவிட்டது. பல்லவி எழுதியவன், துப்பாக்கியைத் தட்டிவிட்டவன், தாளத்தைக் கண்டுபிடித்தவன் எல்லாரும் ஒரே நேரத்தில் செத்தார்கள்.

டொமினோ மேசையில் ஒருவர் சிரித்துச் சிரித்துக் காய்களைக் கொட்டினார். மோன்ச்சோ கையில் சீப்போடு சுவரைப் பிடித்துக்கொண்டான். மிக்டாலியா ஒரு காரின்மேல் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “ஐயோ, மாமியார் குரலு! அப்படியே மாமியார் குரலு!” என்று திணறினாள்.

யூயோவின் முகம் அவன் சட்டை நிறத்துக்கு வந்திருந்தது. போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். ஒரு சாதாரண மனிதன் அந்த இடத்தில் வண்டி ஏறிப் போயிருப்பான், இரண்டு மாதம் சலூன் பக்கம் தலை வைத்துப் படுத்திருக்க மாட்டான்.

“மறுபடி போடு,” என்றான்.

லாரிக்காரன் போட்டான். தெரு மறுபடி சிரித்தது. யூயோ உதடு அசைய ஏதோ எண்ணிக்கொண்டிருந்தான்.

“ஒம்பது நொடி,” என்றான். யாரும் கவனிக்காததால் லாரியின் பின்பலகையில் ஏறிக் கத்தினான். “ஒம்பது நொடி! என் சொந்தக் குரல்! காலோவே எனக்கப்புறம்தான் வாயத் திறக்கறான், கேட்டீங்களா? எங்கம்மாவும் இருக்காங்க! எவன் ஆல்பத்துலடா எவன் அம்மா இருக்கா?”

சிரிப்பு மெல்ல அடங்கியது. அவன் வெட்கப்படப் போவதில்லை என்று தெரிந்ததும் அதில் சுவை போய்விட்டது. மிக்டாலியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டாள். மற்றவர்கள் அவனுடைய பீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே தலையாட்டினார்கள்.

அடுத்த வாரம் சுலேய்க்காவுடன் போனில் பேசினேன். அவள் குரலில் சந்தோஷம் இல்லை.

“மூஞ்சியில அறையணும்னுதான் அத வெச்சேன். அவன் அத மாலையா எடுத்துப் போட்டுக்கிட்டான். போன் பண்ணி எனக்கு நன்றி வேற சொல்றான்.”

“பல்லவி புதுசா பாடினீங்களே, அது எப்படி வந்திருக்கு?”

“நல்லா வந்திருக்கு. யாரும் அதப் பத்திப் பேசல,” என்றாள்.

அது உண்மைதான். தாளம் உடனே வராவிட்டால் தாவிவிடுவார்கள் என்று சொல்லப்பட்ட ஜனங்கள், தாளத்துக்கு முன்னால் வருகிற அந்த ஒன்பது நொடிக்காகவே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். கரோலினாவில் இப்போது கரண்ட் போனால் மாடிக்கு மாடி யூயோவின் வசனத்தைத்தான் கத்துகிறார்கள். காலோ அதையும் ஓர் அனுபவமாக்கிவிட்டான். பேட்டிகளில் அந்த யோசனையே தன்னுடையது என்கிறான். யூயோவின் கார்டும் மாறியிருக்கிறது. பேருக்குக் கீழே ‘குரல்’ என்று சேர்த்திருக்கிறான்.

டிசம்பரில் ஹாட்டோ ரேயில் காலோவின் கச்சேரி. ஏழாவது பாட்டுக்கு முன்னால் யூயோ மாத்தோஸ் கையில் ஓர் எக்ஸ்டென்ஷன் வயரோடு மேடைக்கு வருவான். ஒத்திகைக்காக நகராட்சியில் இரண்டு வாரம் மருத்துவ விடுப்பு எடுத்திருக்கிறான்.